இணையச் சேவை நிபந்தனைகளை எந்த ஒழுங்கில் வாசிப்பது: பணம் செலுத்துமுன்னும் பிரச்சினை வந்த பின்னும் செய்ய வேண்டியவை

இணையத்தில் ஒரு பொருளை வாங்கும்போதும், ஒரு செயலிக்குச் சந்தா கட்டும்போதும், "நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பெட்டியில் சரி அடையாளம் இட்டவுடன் ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது. இலத்திரனியல் வடிவில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லுபடியற்றதென்று ஒதுக்க முடியாது என்பதை 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே "நான் எங்கேயும் கையெழுத்து வைக்கவில்லையே" என்ற வாதம் இலங்கையில் எடுபடாது.

திருகோணமலை நகரில் பிரதி எடுக்கவும், விண்ணப்பம் நிரப்பவும், இணையத்தில் பொருள் வாங்கித் தரச் சொல்லவும் ஆட்கள் வந்துபோகும் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் நான் வேலை செய்கிறேன். பணம் போன பிறகு நிபந்தனைகளைக் காட்டி விளக்கம் கேட்டு வருபவர்களைக் கிழமைதோறும் பார்க்கிறேன். அவர்களில் பலர் வாசிக்க முயன்றவர்கள்தான். மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்கி, வரவேற்புரையையும் நடத்தை விதிகளையும் பதிப்புரிமைப் பந்திகளையும் கடக்கும்போதே களைத்து, தங்கள் பணப்பையைக் கட்டிப்போடும் வரிகளுக்கு வருமுன் கைவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் வாசிக்கும் ஒழுங்குக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் பெரிய திரை வேண்டும். கைத்தொலைபேசியில் நிபந்தனைகளுக்குள் இருக்கும் இணைப்புகள் கண்ணில் படுவதில்லை, சொல் தேடுவதும் சிரமம். கணினி இல்லாதவர்கள் நூலகத்திலோ எங்களைப் போன்ற கடைகளிலோ வாசிக்கலாம். ஆனால் அங்கே வாசிக்க மட்டும் செய்யுங்கள், கணக்குக்குள் நுழைவதையும் பணம் செலுத்துவதையும் உங்கள் சொந்தக் கருவியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நீங்கள் அன்றாடம் திறந்து பார்க்கும் மின்னஞ்சல் முகவரி. போன் வாங்கிய கடையில் திறந்து கொடுத்த முகவரியையே பலர் எல்லாக் கணக்குகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். கடவுச்சொல் கேட்டால் தெரிவதில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில், பதிவுசெய்த முகவரிக்கு அனுப்பப்பட்ட அறிவித்தல் உங்களுக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கும். விலை உயர்வு, நிபந்தனை மாற்றம், சந்தா புதுப்பிப்பு எல்லாம் அந்த முகவரிக்குத்தான் போகும்.

மூன்றாவது, குறைந்த தொகை மட்டும் வைத்திருக்கும் ஒரு கணக்கின் வங்கி அட்டை. இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வரம்பிடும் வசதி உங்கள் வங்கியின் செயலியில் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். 3,000 ரூபாய் இருக்கும் கணக்கிலிருந்து 30,000 ரூபாயை எவராலும் எடுக்க முடியாது என்பது எந்த நிபந்தனையையும் விட உறுதியான பாதுகாப்பு.

கடைசியாக ஒரு கொப்பி. ஒரு சேவைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நிறுவனத்தின் முழுப்பெயர், நாடு, தொகை, நாணயம், பணம் பிடிக்கப்படும் திகதி, நிறுத்தும் வழி ஆகியவற்றை எழுதுவதற்கு இடம் விடுங்கள். பின்வரும் படிகள் அந்தப் பக்கத்தை நிரப்புவதற்கானவையே.

அரை மணித்தியாலம் ஒதுக்க முடியாத வேளையில் இதைத் தொடங்க வேண்டாம். "இன்னும் 9 நிமிடத்தில் விலைக்கழிவு முடிகிறது" என்று திரையில் கடிகாரம் ஓடும்போது எவராலும் ஒழுங்காக வாசிக்க இயலாது. பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் திறந்தால் அதே கடிகாரம் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

2. எதிர்த்தரப்பு யார் என்று கண்டுபிடியுங்கள்

நிபந்தனைகளைத் திறந்தவுடன் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். செயலியின் பெயர் ஒன்றாகவும் ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கும். சில உலகளாவிய சேவைகள் நீங்கள் வாழும் நாட்டைப் பொறுத்து வெவ்வேறு துணை நிறுவனங்களை எதிர்த்தரப்பாக்குகின்றன. இலங்கையில் உள்ளவருக்கு எந்த நிறுவனம், அது எந்த நாட்டில் பதிவானது என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு முறைப்பாடு செய்ய நேர்ந்தால், முதலில் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் சந்தைத் தளமானால் நிலைமை இன்னும் சிக்கலானது. தளம் ஒரு தரப்பு, விற்பனையாளர் ஒரு தரப்பு, பொதியைக் கொண்டுவரும் கூரியர் இன்னொரு தரப்பு. "நாங்கள் இடைநிலையாளர் மட்டுமே, விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் விற்பனையாளருக்கும் இடையிலானது" என்ற வரி தளத்தின் நிபந்தனையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதைத் தளத்தின் பக்கத்தில் தேடுவது வீண். விற்பனையாளரின் பக்கத்தில் தேட வேண்டும்.

முகநூல் பக்கத்திலும் வாட்ஸ்அப் இலக்கத்திலும் மட்டும் வியாபாரம் செய்பவர்களிடம் எழுதப்பட்ட நிபந்தனை எதுவும் இருக்காது. அங்கே விளம்பரமும் உரையாடலுமே ஒப்பந்தம். விலை, நிறம், அளவு, திருப்பி எடுப்பார்களா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பிறகே பணம் அனுப்புங்கள். குரல் பதிவாக வந்த பதிலைப் பின்னர் எவரிடமும் காட்டிப் புரியவைப்பது கடினம்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி நடத்துபவர்கள் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். முன்பதிவுத் தளத்தில் அறையை விற்பனைக்குப் போடும்போது நீங்கள் பாவனையாளராக ஒப்பந்தம் செய்யவில்லை, வியாபாரியாகச் செய்கிறீர்கள். பாவனையாளருக்கென்று சட்டம் தரும் பாதுகாப்பை அந்த ஒப்பந்தத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

3. ஒப்பந்தம் எத்தனை ஆவணங்களில் பரந்திருக்கிறது என்று எண்ணுங்கள்

சேவை நிபந்தனைகள் என்ற பக்கம் பெரும்பாலும் தலைமை ஆவணம் மட்டுமே. பணம் திருப்பிக் கொடுக்கும் கொள்கை, சந்தா நிபந்தனை, தனியுரிமைக் கொள்கை, சலுகைக் கூப்பன் விதி ஆகியன தனித்தனிப் பக்கங்களில் இருக்கும். "கீழ்க்காண்பவையும் இவ்வொப்பந்தத்தின் பகுதியாகும்" என்ற பொருளில் ஒரு வரி அவற்றையெல்லாம் உள்ளே இழுத்துவிடும். அந்த வரியைக் கண்டுபிடித்து, அதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு இணைப்பையும் திறந்து வையுங்கள்.

ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது மேலோங்கும் என்றும் ஒரு வரி இருக்கக்கூடும். விளம்பரப் பக்கத்தில் "30 நாட்களுக்குள் முழுப்பணமும் திரும்பும்" என்றும், கொள்கைப் பக்கத்தில் "பயன்படுத்தாத பொருளுக்கு மட்டும்" என்றும் இருக்கும்போது இந்த வரி முக்கியமாகிறது.

4. வாசிப்பதற்கு முன்பே பிரதி எடுத்து வையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். நிபந்தனைப் பக்கம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதை இன்றிரவே மாற்றலாம். நீங்கள் ஏற்றுக்கொண்ட நாளில் அது எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் பிரதியே சான்று.

உலாவியின் அச்சிடும் கட்டளையைக் கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பீடிஎப் ஆகச் சேமிக்கும் தெரிவை எடுங்கள். கோப்பின் பெயரில் சேவையின் பெயரையும் திகதியையும் இடுங்கள். பக்கத்தின் மேலோ கீழோ இருக்கும் "இறுதியாகத் திருத்தப்பட்ட திகதி" பிரதியில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விலை தெரியும் பக்கத்தையும், சரி அடையாளப் பெட்டி இருக்கும் பக்கத்தையும் திரையில் தெரிவதுபோலவே படமாக (ஸ்கிரீன்ஷொட்) எடுங்கள்.

பெட்டி இருந்ததா இல்லையா என்பதே சில வேளை வழக்காகிறது. அமெரிக்காவில் 2002 இல் நெட்ஸ்கேப் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், மென்பொருளைத் தரவிறக்கும் பொத்தானுக்குக் கீழே, திரையை நகர்த்தினால் மட்டுமே தெரியும் இடத்தில் இருந்த நிபந்தனைகளைப் பயனர்கள் ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அந்தத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் திரை எப்படி அமைந்திருந்தது என்பதைப் படம் எடுத்து வைப்பதன் பயனை அது நன்றாகக் காட்டுகிறது.

5. மொழிபெயர்ப்பை நம்பும் முன் சில சொற்களைச் சரிபாருங்கள்

இலங்கையில் நாம் காணும் நிபந்தனைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்தே வாசிக்க வேண்டும். "டைட்டில்" என்ற சொல்லை அது "தலைப்பு" என்று தந்து, பொருளின் உரித்து எப்போது வாங்குபவருக்கு மாறுகிறது என்று சொல்லும் வரியைப் பொருளற்றதாக்கியதைக் கண்டிருக்கிறேன். உரிமையைக் கைவிடுதல் என்ற பொருளில் வரும் "வேவ்" என்ற சொல் "தள்ளுபடி" ஆகிவிடும். வாசிப்பவர் தமக்கு ஏதோ சலுகை கிடைப்பதாக மகிழ்ந்துபோவார்.

"மே" என்ற துணைவினை நிறுவனத்தோடு சேர்ந்து வந்தால், அது செய்யலாம், செய்யாமலும் விடலாம். "ஷல்", "மஸ்ட்" என்பன வந்தால் அது கடமை. நிறுவனம் உங்களுக்குச் செய்ய வேண்டியவற்றில் எத்தனை "மே", எத்தனை "ஷல்" என்று எண்ணிப் பாருங்கள்; பணம் திருப்பித் தரும் பந்தியில் "மே" மட்டும் இருந்தால் உங்களுக்கு அங்கே உரிமை எதுவும் இல்லை. "சோல் டிஸ்கிரிஷன்" என்ற தொடர் வரும் இடத்தில் முடிவு முழுக்க நிறுவனத்தின் விருப்பம்.

பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்கள் ஆவணத்துக்குள்ளேயே வரையறுக்கப்பட்டவை. அவற்றுக்கு அகராதிப் பொருளைக் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விடயம் எவ்வளவு தூரம் உதவும் என்பதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

6. முதலில் வாசிக்க வேண்டியது பணத்தைப் பற்றிய வரிகள்

சொல் தேடும் வசதியைத் திறந்து, கட்டணம், புதுப்பிப்பு, இலவசக் காலம், அரச வரி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தேட வேண்டிய விடைகள் இவை: எந்த நாணயத்தில் பிடிப்பார்கள், எந்த நாளில் பிடிப்பார்கள், தானாகப் புதுப்பிக்கப்படுமா, புதுப்பிக்கும்போது பழைய விலையா புதிய விலையா. திரையில் ரூபாயில் காட்டப்பட்டாலும் டொலரில் பிடிக்கப்பட்டால், அன்றைய மாற்று வீதமும் வங்கி சேர்க்கும் கட்டணமும் சேர்ந்து நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக எடுக்கப்படும்.

மாதத் தொகையைப் பெரிய எழுத்தில் காட்டி, "ஆண்டுக்கு ஒருமுறை அறவிடப்படும்" என்பதைச் சிறிய எழுத்தில் போடுவது பரவலான வழக்கம். தொகையை 12 ஆல் பெருக்கிக் கொப்பியில் எழுதுங்கள். அந்தப் பெருக்குத்தொகையைப் பார்த்த பின் வாங்காமல் எழுந்துபோனவர்கள் பலர்.

இலவசக் காலத்தின் முடிவைத் திகதியாக மட்டும் குறித்தால் போதாது, நேர வலயத்தையும் குறிக்க வேண்டும். இதை நான் என் சொந்தப் பணத்தில் கற்றேன். மகளின் ஆங்கிலப் பயிற்சிக்காக ஒரு செயலியில் 14 நாள் இலவசக் காலம் எடுத்திருந்தேன். கடைசி நாள் நள்ளிரவு வரை நேரம் இருக்கிறதென்று எண்ணி, கடையைப் பூட்டி, சாப்பிட்டு, இரவு 10.15 க்கு நிறுத்த உட்கார்ந்தேன். ஓர் ஆண்டுக்கான தொகை பிடிக்கப்பட்டதைச் சொல்லும் மின்னஞ்சல் 9.31 க்கே வந்திருந்தது. நிபந்தனையில் எல்லா நேரங்களும் சிங்கப்பூர் நேரப்படி என்று ஒரு வரி இருந்தது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. அங்கே நள்ளிரவாகும்போது நமக்கு இரவு 9.30 தான்.

ஆகவே முடிவு நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தொலைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். ஆப்பிள் கருவிகளில் எடுத்த இலவசக் காலத்தை முடிவுக்குக் குறைந்தது 24 மணித்தியாலங்களுக்கு முன் நிறுத்த வேண்டும் என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

7. அடுத்தது வெளியேறும் வழியும் திருப்பி அனுப்பும் வழியும்

செயலியைத் தொலைபேசியிலிருந்து அழித்தால் சந்தா நிற்கும் என்று எண்ணுவதே நான் காணும் பிழைகளில் முதன்மையானது. கூகுள் பிளே வழியாக எடுத்த சந்தா, செயலியை அழித்த பிறகும் தொடர்ந்து அறவிடப்படும். எங்கே பணம் கட்டினீர்களோ அங்கேதான் நிறுத்த வேண்டும்: பிளே வழியாகக் கட்டியிருந்தால் பிளே கணக்கின் சந்தாப் பகுதியில், நிறுவனத்தின் தளத்தில் அட்டை இலக்கம் கொடுத்திருந்தால் அந்தத் தளத்தில். பணம் கட்டுமுன்னரே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, போகும் வழியைக் கொப்பியில் எழுதிவிடுங்கள். நிறுத்துவதற்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்றும், அந்த இலக்கம் வேறு நாட்டில் என்றும் இருந்தால், நான் அந்தச் சேவையை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பணம் திரும்புவது காசாகவா, அல்லது அதே தளத்தில் செலவழிக்கும் வரவாகவா என்பதையும் பாருங்கள். வரவாக வந்தால் அதற்குக் காலாவதித் திகதி இருக்கலாம்.

பொருளாக வாங்கும்போது, திருப்பி அனுப்பும் காலம் எப்போது தொடங்குகிறது என்பதே முழு விடயமும். கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியை அரைக்கும் இயந்திரம் ஒன்றோடு வந்தார். "தம்பி, ஏழு நாள் முடிஞ்சுபோச்சு எண்டு காட்டுது, நான் இதைக் கையில எடுத்தே நாலு நாள்தான்" என்றார். பொதி வியாழக்கிழமை கூரியர் நிறுவனத்தின் நகரக் கிளைக்கு வந்திருக்கிறது. அன்றே தளத்தில் "ஒப்படைக்கப்பட்டது" என்று பதிவாகிவிட்டது. அவர் பாடசாலை முடிந்து வந்து கிளையில் எடுத்ததோ திங்கட்கிழமை. புதன்கிழமை முதன்முறை ஓட்டியபோது அடிப்பகுதியால் நீர் கசிந்தது. எங்களிடம் வந்தது வெள்ளிக்கிழமை. தளத்தின் கணக்குப்படி ஒரு நாள் பிந்திவிட்டது.

நாங்கள் செய்தது ஒன்றுதான். நிபந்தனையின் வரையறைப் பகுதியைத் திறந்து, பெரிய எழுத்தில் வரும் "டெலிவரி" என்ற சொல்லைத் தேடினோம். பெறுநரிடமோ அவர் அதிகாரமளித்தவரிடமோ பொருள் கையளிக்கப்படும் நேரம் என்று அங்கே எழுதியிருந்தது. கிளையில் கையொப்பமிட்டு வாங்கிய துண்டில் திங்கட்கிழமைத் திகதி இருந்தது. நல்லவேளையாக ஆசிரியை அதை எறிந்திருக்கவில்லை. வரையறை வரியையும் துண்டின் படத்தையும் சேர்த்து எழுதினோம். மூன்றாம் நாள் பொருளைத் திருப்பி எடுக்கச் சம்மதித்தார்கள்.

மூதூர், குச்சவெளி, புல்மோட்டை போன்ற இடங்களில் இருப்பவர்கள் கிளைக்கு வந்து பொதி எடுக்கும் சந்தர்ப்பம் அதிகம் என்பதால், கையொப்பமிடும் துண்டைப் படம் எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பொதியைத் திறக்கும்போது ஒரே தொடர்ச்சியான காணொளி எடுப்பதும் நல்லது. திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதையும் வாசிக்க வேண்டும். 1,500 ரூபாய்ப் பொருளைக் கொழும்புக்கு உங்கள் செலவில் அனுப்ப வேண்டுமென்றால் அந்த உரிமையின் பெறுமதி மிகக் குறைவு.

8. நிபந்தனையை மாற்றும் உரிமை

"நிபந்தனைகளை எந்நேரமும் மாற்றலாம், தொடர்ந்து பயன்படுத்துவது ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்" என்ற வரி அநேகமாக எங்கும் உண்டு. எத்தனை நாள் முன்னறிவித்தல் தருவார்கள், ஏற்கெனவே கட்டிய காலத்துக்கும் புதிய விலை பொருந்துமா, பிடிக்காவிட்டால் மீதிக் காலத்துக்கான பணம் திரும்புமா என்ற மூன்றை மட்டும் பாருங்கள். மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் ஆண்டுச் சந்தா எடுக்காமல் மாதச் சந்தாவோடு நில்லுங்கள். விலை சற்று அதிகமானாலும் ஒவ்வொரு மாதமும் வெளியேறும் வாசல் திறந்திருக்கும்.

9. பொறுப்பு விலக்கும் வரிகளை வாசித்து அஞ்ச வேண்டாம்

இந்தப் பந்தி வழக்கமாக முழுவதும் பெரிய ஆங்கில எழுத்துகளில் இருக்கும். சேவை உள்ளபடியே வழங்கப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை, எந்த நட்டத்துக்கும் பொறுப்பில்லை, பொறுப்பு இருந்தாலும் நீங்கள் கட்டிய தொகைக்கு மேல் போகாது என்று சொல்லும். வருபவர்கள் இதைக் காட்டி, "இப்படி எழுதியிருக்கிறதே, இனி ஒன்றும் செய்ய இயலாதா" என்று கேட்கிறார்கள்.

எழுதியிருப்பதெல்லாம் சட்டத்தில் நிற்பதில்லை. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இலங்கையில் இருக்கிறது. கவனயீனத்தால் ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை ஒப்பந்த வரியால் விலக்கிக்கொள்ள அது இடமளிக்காது. வேறு நட்டங்களுக்கான விலக்குகள் நியாயமானவையாக இருக்க வேண்டும்; நியாயமானவை என்று நிறுவும் பொறுப்பு அந்த வரியை நம்பி நிற்பவருடையது.

பொருளாக வாங்கினால், 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பொருளின் தரம், பயன்பாட்டுக்கு ஏற்ற தன்மை ஆகியவை பற்றி உட்கிடையான, அதாவது எழுதாவிட்டாலும் இருப்பதாகக் கொள்ளப்படும், நிபந்தனைகளை வைக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பாவனையாளரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையையும் பொய்யான எடுத்துரைப்பையும் தடைசெய்து, சேவைகள் உரிய கவனத்தோடும் திறனோடும் வழங்கப்பட வேண்டும் என்கிறது.

"சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்று இந்தப் பந்திகளின் தொடக்கத்தில் ஒரு தொடர் வருவதைக் கவனியுங்கள். தாம் எழுதியவற்றில் சில சட்டத்தின் முன் நிற்காது என்பதை எழுதியவரே அறிந்து சேர்த்த தொடர் அது. நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் அந்தத் தொடரையே மேற்கோள் காட்டலாம்.

ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். எதிர்த்தரப்பு இலங்கையில் இருந்தால் மேற்சொன்ன சட்டங்களுக்குப் பல் உண்டு. வெளிநாட்டில் மட்டும் இருக்கும் நிறுவனத்தைச் சட்டம் உங்கள் பக்கம் என்று சொல்லி இங்கே இழுத்துவருவது நடைமுறையில் மிகக் கடினம். அங்கே உங்கள் உண்மையான பலம் பணம் கட்டும் வழியைத் தெரிவுசெய்வதில் இருக்கிறது. முதலாம் படியில் அட்டையைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

10. பிணக்கு எங்கே, எந்தச் சட்டப்படி

இந்தப் பந்தி ஆவணத்தின் கடைசியில் இருக்கும். எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம், நடுத்தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் பிணக்கைத் தீர்ப்பது) உண்டா என்று பாருங்கள். நடுத்தீர்ப்பை ஏற்றால் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையைப் பெரும்பாலும் கைவிடுகிறீர்கள். ஒப்புக்கொண்டு குறித்த நாட்களுக்குள், பல ஆவணங்களில் 30 நாட்களுக்குள், எழுத்தில் அறிவித்து அதிலிருந்து விலகிக்கொள்ள இடமிருக்கலாம். இருந்தால் கணக்குத் திறந்த அன்றே அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். இத்தகைய வரிகள் பல அமெரிக்காவில் வாழ்பவருக்கு மட்டும் பொருந்துபவை என்பதால், இலங்கையருக்கு எது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இந்த வரி எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு 2024 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு விடயம் போதும். டிஸ்னியின் புளோரிடா வளாகத்தில் உள்ள ஓர் உணவகத்தில் உண்ட பின் ஒவ்வாமையால் இறந்த பெண்ணின் கணவர் வழக்குத் தொடுத்தபோது, அவர் முன்பு டிஸ்னி பிளஸ் ஒளிபரப்புச் சேவையின் இலவசக் காலத்துக்குப் பதிவுசெய்தபோது நடுத்தீர்ப்பை ஏற்றிருந்தார் என்று அந்நிறுவனம் வாதிட்டது. கடும் கண்டனம் எழுந்த பின் அவ்வாதத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் கைவிட்டது. மறுபுறத்தில், ஊபர் சாரதி ஒருவரின் வழக்கில், நெதர்லாந்தில் நடக்கும் நடுத்தீர்ப்பைத் தொடங்கவே ஏறத்தாழ 14,500 அமெரிக்க டொலர் தேவைப்பட்ட வரியைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2020 இல் செல்லாதென்று தீர்த்தது.

இங்கே நம்மவர்கள் செய்யும் தனிச்சிறப்பான பிழை ஒன்று உண்டு. தமிழில் தேடினால் கிடைக்கும் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் பெரும்பாலானவை இந்தியாவைப் பற்றியவை. அதில் சொல்லப்படும் நுகர்வோர் நீதிமன்றமும், இந்தியாவின் 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் திருகோணமலையில் வாழ்பவருக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் உள்ளவருக்கு இணையக் கொள்வனவை 14 நாட்களுக்குள் காரணம் கூறாமல் கைவிடும் உரிமையும் அவ்வாறே. இலண்டனிலும் பாரிசிலும் இருக்கும் உறவினர் சொன்னார் என்று அதை இங்கே கேட்டு எழுதியவர்களுக்குப் பதில் வந்ததில்லை.

11. தரவு

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. நீங்கள் ஏற்றும் படங்களை நிறுவனம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா, கணக்கை மூடிய பின் தரவு அழிக்கப்படுமா, தொடர்பு இலக்கங்களைச் செயலி எடுக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். கடன் தரும் செயலிகளில் மூன்றாவது கேள்வியை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது.

பிள்ளைகள் பெற்றோரின் தொலைபேசியில் விளையாட்டுச் செயலியில் பொருள் வாங்கிவிடும் சம்பவங்களும் நடக்கின்றன. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் செய்யும் ஒப்பந்தம் சட்டத்தில் வேறு விதமாகப் பார்க்கப்பட்டாலும், கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் அதில் நடப்பதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பு என்று நிபந்தனை சொல்லும். கொள்வனவுக்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். கூகுள் பிளேயில் தவறுதலாக வாங்கியதற்கு 48 மணித்தியாலங்களுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்பது நல்லது. பிந்தினால் செயலியை உருவாக்கியவரிடம் கேட்கும்படி அனுப்பிவிடுவார்கள்.

12. பிரச்சினை வந்த பின் செய்ய வேண்டியவற்றின் ஒழுங்கு

முதலில் புதுப்பிப்பை நிறுத்துங்கள். போன பணத்துக்காக வாதாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மாதத் தொகையும் பிடிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு நிபந்தனையில் சொல்லப்பட்ட வழியிலேயே நிறுவனத்துக்கு எழுதுங்கள். அரட்டைப் பெட்டியில் எழுதினால் உரையாடலைத் திரையில் தெரிவதுபோலவே படமாக எடுத்து வையுங்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: கொள்வனவு இலக்கம், திகதி, என்ன நடந்தது, எந்த வரியின்படி என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாட்களுக்குள். கோபத்தைக் கொட்டும் நீண்ட கடிதங்களுக்குப் பொதுவான மறுமொழியே வரும். இலக்கமும் வரியும் காட்டிய கடிதம் அடுத்த நிலை அலுவலரிடம் போகும்.

அட்டையால் பணம் கட்டியிருந்தால் உடனே வங்கிக்கும் அறிவியுங்கள். கொடுப்பனவை மறுத்து விண்ணப்பிக்க ஒரு கால எல்லை உண்டு, நிறுவனத்தோடு முதலில் தொடர்புகொண்டதற்கான சான்றையும் வங்கி கேட்கும். வங்கியே ஒழுங்காகப் பதிலளிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவை 1935 இல் அழைக்கலாம். தொலைபேசி, இணைய இணைப்புச் சேவை பற்றியதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் இலக்கம் 1900.

இலங்கை விற்பனையாளர் என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். அதன் அழைப்பு இலக்கம் 1977. இங்கே ஒரு பொறி இருக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். "அடுத்த கிழமை பார்க்கிறோம்" என்று விற்பனையாளர் சொல்லிக்கொண்டே போக, வாங்கியவர் பொறுமையாகக் காத்திருந்து நான்காம் மாதம் வருகிறார். பேச்சு நடந்துகொண்டிருப்பது அந்தக் காலத்தை நீட்டாது என்று கருதியே நடந்துகொள்ளுங்கள். வாங்கிய நாளிலிருந்து 60 ஆம் நாளைக் கொப்பியில் சிவப்பால் குறியுங்கள்; அன்று வரை தீராவிட்டால் மேலும் காத்திருக்காமல் முறைப்பாட்டை எழுதுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி. ஆங்கில நிபந்தனையின் அச்சுப் பிரதியில் உங்களுக்குரிய வரியின் கீழே கோடிட்டு, ஓரத்தில் அதன் பொருளைத் தமிழில் எழுதி இணையுங்கள். பற்றுச்சீட்டு, விளம்பரப் படம், பொதித்துண்டு, நிறுவனத்துக்கு எழுதியவை ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கி, மூலங்களை வீட்டில் வைத்துக்கொண்டு பிரதிகளை மட்டும் கொடுங்கள். அதிகார சபையின் மாவட்ட அலுவலர்களை எங்கே சந்திப்பது என்பதைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரித்தால் சொல்வார்கள். கையில் இரண்டு செற் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் இட்டு வாங்கி வாருங்கள்.